முத்துப்பேட்டைக் கடைத்தெரு: கப்பற்காசின் வரலாறு

பேட்டை என்னும் சொல்லிலேயே வணிகம் குடியிருக்கிறது. கோட்டைக்கோ கோயில் நகருக்கோ புறத்தே, சரக்கு வந்து இறங்கவும் விலைபேசி விற்கவும் அமைந்த இடத்தையே நம் முன்னோர் பேட்டை என்றனர். முத்துப்பேட்டையின் 'முத்து' எங்கிருந்து வந்தது என்பதற்குக் கதைகள் பல வழங்குகின்றன. அவற்றை வேறொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம். இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது 'பேட்டை'யை மட்டுமே. அதிலும் குறிப்பாக, இளமையில் வெளியே அனுப்பி முதுமையில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஓர் ஊரில் சில்லறை வணிகம் எந்த வேகத்தில் வளரும், எதைப் பார்த்து வளரும் என்பதே நம் கேள்வி.

ஓய்வுபெற்றோர் குடியிருப்பு என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது கோவையைச் சுற்றி 2000க்குப் பின் எழுந்த வளாகங்கள்தாம். மதிற்சுவர், நடைபாதை, பொதுச் சமையற்கூடம், வாயிலில் ஒரு மருந்துக்கடை. முத்துப்பேட்டையை யாரும் அப்படித் திட்டமிட்டுக் கட்டவில்லை. ஆயினும் மூன்று தலைமுறைகளாக அவ்வூர் செய்துவரும் வேலையை வேறு பெயரிட்டு அழைக்க நமக்குத் தோன்றவில்லை. இலங்கையிலும் பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்தவர்கள் உழைப்பு ஓய்ந்தபின் வந்து தங்கும் ஊர் அது. சபுராளிகள் என்று அக்கரைக்குப் போனவர்களைச் சொல்லும் வழக்கம் டெல்டாக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் உண்டு. கூத்தாநல்லூரும் அதிராம்பட்டினமும் இதே இனத்தைச் சேர்ந்த ஊர்களே.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அந்த நீர் நெடுந்தூரம் வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தபின், மிச்சத்தோடு முத்துப்பேட்டையை அடைந்து, அலையாத்திக் காடுகளுக்கு நடுவே உப்பங்கழியில் கலக்கிறது. அதாவது இது கடைமடை. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னரும் கடைமடை கடைமடையாகவே இருந்தது; தண்ணீர் வரும், ஆனால் கடைசியில் வரும். நம் மொழியில் 'கடை' என்பது முடிவையும் குறிக்கும், அங்காடியையும் குறிக்கும். ஆற்றின் கடையில் இத்தனை கடைகள் எப்படி வந்தன என்பதை வேடிக்கையாகக் கேட்பதுபோல் கேட்டாலும், கேள்வி வேடிக்கையானதன்று.

நெல்லை நம்பிய ஊர்களின் கடைத்தெருவுக்கு ஒரு நாடி உண்டு. அது தை மாதத்தில் துடிக்கும். அறுவடை முடிந்து களத்துமேட்டில் கணக்குத் தீர்ந்ததும் ஜவுளிக்கடைப் பாக்கி அடையும், பாத்திரக்கடையில் கூட்டம் சேரும், கல்யாணங்கள் வரும். ஆடியில் அதே தெரு வெறிச்சோடும். மளிகைக்கடையின் பற்றுவரவு நோட்டு இந்த இரண்டு கரைகளுக்கு இடையே ஓடும் ஆறு. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் பொருந்தும் இக்கணக்கு, முத்துப்பேட்டைக்கு அரைவாசிதான் பொருந்தும். ஏனெனில் அங்கே இரண்டாவது நாடி ஒன்றும் துடித்துக்கொண்டிருந்தது. அது கடலுக்கு அப்பால் இருந்து வந்தது.

உப்பங்கழி வழியாகத் தோணிகள் ஏறிவந்த காலத்தில் இவ்வூர் ஒரு சிறு துறைமுகம். தஞ்சைச் சீமையின் அரிசி இலங்கைக்குப் போன வாயில்களில் இதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்தில் காப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் பெருகப் பெருக, அங்கே உண்ணும் வாய்கள் பெருகின. இங்கே அரிசி வணிகமும் பெருகியது. 1894இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்து வசூலித்த தனி வரியின் சேமிப்பைக் கொண்டு, மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு ரயில் பாதை போட்டது. ஐம்பது மைலுக்குச் சற்று மிகுதியான தூரம். ஒரு ஜில்லா போர்டு சொந்தமாக ரயில் பாதை வைத்துக்கொண்டது இந்தியாவிலேயே அதுதான் முதன்முறை. பாதையின் முனையாக முத்துப்பேட்டை தெரிவு செய்யப்பட்டதை நாம் கவனிக்கவேண்டும். வயல்கள் மட்டும் இருந்த ஊராயிருந்தால் முனையாகியிருக்காது. அரிசி கப்பலேறும் ஊர் என்பதால் ஆனது. அடுத்த பத்தாண்டுக்குள், 1903இல், பாதை பட்டுக்கோட்டையைக் கடந்து அறந்தாங்கிவரை நீண்டுவிட்டது. முனை என்ற தகுதி போயிற்று. மொத்த வணிகத்தின் ஒரு பகுதி ரயிலோடு போயிற்று என்றும் கொள்ளலாம். அரிசிக்கென வந்த ரயில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போகத் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பல்.

மலேயாவுக்குப் போனவர்கள் தோட்டக் கூலிகளாகவே போனார்கள் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. டெல்டாக் கடற்கரை முஸ்லிம்களைப் பொறுத்தவரை இது முழு உண்மையன்று. அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்தனர், அல்லது கடையில் நின்றனர். மளிகை, ஜவுளி, சாப்பாட்டுக்கடை, பணமாற்று, புத்தகம், பெட்டிக்கடை. ஆக, முத்துப்பேட்டைக்குத் திரும்பியவர் வெறும் பணத்தோடு திரும்பவில்லை. கல்லாவில் உட்கார்ந்த பழக்கத்தோடு திரும்பினார். ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோல, ஓய்வுபெற்ற கடைக்காரர் கடைதான் வைப்பார். இவ்வூரின் வணிகத்தில் தேவைக்கு மிஞ்சிய கடைகள் எப்போதும் இருந்ததற்கு இதையே முதற்காரணமாக நாம் கருதுகிறோம். லாபத்துக்காக மட்டும் திறக்கப்பட்டவை அல்ல அவை. பகலைக் கழிக்க ஓர் இடம், நாலுபேர் வந்து உட்கார ஒரு பெஞ்சு, 'முதலாளி' என்று ஒருவர் அழைக்க ஒரு காரணம்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மறுமாதம் ரங்கூன். கப்பல் நின்றது, அதனோடு மணியார்டரும் உண்டியல் பணமும் கடிதமும் நின்றன. மூன்றரை ஆண்டுகள். பர்மா அரிசி வராமற்போனதால் நாடெங்கும் அரிசி அருமையாகி, நெல் விளையும் தஞ்சையிலேயே கட்டுப்பாடும் கொள்முதலும் வந்தன. இரண்டு நாடிகளும் ஒரே சமயத்தில் தடுமாறிய காலம் அது. ஒரு கடைத்தெரு தன் வாடிக்கையாளரின் வருமானத்தை நம்பி நிற்கிறது. அந்த வருமானமோ கண்ணுக்கெட்டாத தூரத்தில், யாரோ நடத்தும் போரில், ஒரே நாளில் அறுந்துபோகக்கூடியது. நெல்லுக்கு மழை பொய்த்தால் வானத்தைப் பார்த்தாவது முன்கூட்டி அறியலாம். இதற்கு அந்த வசதியும் கிடையாது.

போருக்குப் பின் வந்த ஒரு மாற்றம் நம் கட்டுரைக்கு மிக முக்கியமானது. மலேயாவில் 1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் 1955 ஜூலையில் மத்திய சேமநிதி நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் பணத்தை எடுக்கும் வயது 55. அதற்கு முன் திரும்பியவரின் கையில் இருந்தது அவரே சேர்த்த பணம், அவரே சேர்த்த நகை. அதன் பின் மாதச் சம்பளத்தில் நின்றவருக்கு ஒரு குறிப்பிட்ட வயதில் ஒரு குறிப்பிட்ட தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்றாயிற்று. கடலுக்கு அப்பால் எழுதப்பட்ட ஒரு சட்டம், கோரையாற்றங்கரையில் ஒருவர் எந்த வயதில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார், எந்த வயதில் கடைக்கு முன்பணம் கொடுப்பார் என்பதைத் தீர்மானித்தது.

இதன் விளைவு ஒரே சமயத்தில் பொங்கியது 1968க்கும் 1971க்கும் இடையில். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் கிழக்குப் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. சிங்கப்பூரின் தளங்களில் வேலைபார்த்த இந்தியர்களுள் குடியுரிமை இல்லாத வயதானவர்கள் கைத்தொகையோடு ஊர் திரும்பினர். மலேசியாவில் அதே 1968இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டுமென்றது. தோட்டங்களிலிருந்து மட்டும் அறுபதாயிரம் பேர் அளவில் இந்தியா திரும்பினர் என்பது வரலாறு. இவர்கள் திரும்ப விரும்பித் திரும்பியவர்கள் அல்லர். ஊர் என்று அவர்கள் எதை நினைவில் வைத்திருந்தார்களோ அந்த ஊர் நாற்பது ஆண்டுகளில் மாறியிருந்தது, அவர்களும் மாறியிருந்தார்கள். காலையில் மைலோ கலக்கிக் குடிக்கப் பழகியவர்களுக்கு இங்கே மைலோ கிடைக்கவில்லை.

வெளிநாட்டுச் சாமான் என்னும் தனிச்சரக்கு இப்படித்தான் பிறந்தது. அன்றைய இந்தியா இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த இந்தியா. கோடாலித் தைலம், சோப்பு, டார்ச் விளக்கு, கைலி, கடிகாரம் ஆகியவை பயணியின் பெட்டியில் மட்டுமே வந்தன. சென்னையில் பர்மா அகதிகளுக்காக 1969இல் உண்டான பர்மா பஜார் இதே சரக்கில் பெரிதாய் வளர்ந்ததை நாம் அறிவோம். கடற்கரை ஊர்களில் அதன் சிறு வடிவங்கள் தோன்றின. 'எஸ். எஸ். ரஜுலா' 1970களின் தொடக்கத்தில் ஓய்வுபெற்று 'எம். வி. சிதம்பரம்' கப்பல் அவ்விடத்துக்கு வந்தது; 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு நாகப்பட்டினத்தின் மலாயாக் கப்பல் ஓட்டம் முடிந்தது. கப்பலில் வந்தவர் மரப்பெட்டிகளோடு வந்தார். விமானத்தில் வந்தவர் கிலோக் கணக்குக்குக் கட்டுப்பட்டு வந்தார். பெட்டியின் எடை குறைந்ததும், பெட்டிக்குள் பொருளுக்குப் பதில் பணமும் தங்கமும் வரத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே காலம்.

வளைகுடாவின் கதை 1973இல் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து தொடங்குகிறது. மலேயாவுக்கும் வளைகுடாவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் தூரத்தாலும் சம்பளத்தாலும் அளக்கிறார்கள். நாம் அதை முதுமையால் அளக்க விரும்புகிறோம். மலேயாவில் ஒருவர் கிழவராகலாம். அங்கேயே மண்ணுக்குள் போகலாம். பேரப்பிள்ளைகள் அந்நாட்டுக் குடிமக்களாகலாம். வளைகுடாவில் விசா என்பது வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் திரும்பியே ஆகவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துத் தொழிற்சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பின் ஆண்டுக்கு 30 நாள் என்று பணிக்கொடை கிடைக்கும். ஓய்வூதியம் கிடையாது. எனவே வளைகுடாவுக்குப் போகும் ஒவ்வோர் இளைஞனும், தான் அறிந்தோ அறியாமலோ, ஊரில் ஒரு முதியவனுக்கு இடம்பிடித்து வைத்துவிட்டே போகிறான்.

பணம் எதனால் பெருகியது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. 1991 ஜூலையில் இந்திய அரசு இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முந்தைய மாதம் 21 ரூபாய் அளவில் இருந்த டாலர், 1993 மார்ச்சில் 31 ரூபாயை ஒட்டி நின்றது. அமீரகத்து திர்ஹம் டாலரோடு பிணைக்கப்பட்ட நாணயம். ஆக, 570 ரூபாயாக இருந்த 100 திர்ஹம் இரண்டே ஆண்டுகளில் 840 ரூபாயாயிற்று. துபாயில் ஒருவர் கூடுதலாக ஒரு மணி நேரமும் உழைக்கவில்லை. முத்துப்பேட்டையில் அவர் வீட்டின் கொள்முதல் சக்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. விலைவாசி ஏற்றம் அதில் ஒரு பங்கைத் தின்றது மெய்தான். 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டதையும், 1992இல் வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் ஐந்து கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று அனுமதிக்கப்பட்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் டைல்ஸ், சிமெண்ட், இரும்புக் கடைகளும் இக்கடற்கரை நெடுகிலும் ஏன் அந்தப் பத்தாண்டில் நிமிர்ந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. கடற்கரை முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்யும் வழக்கமும் உண்டு. ஒவ்வொரு மகளும் ஒரு வீடு. ஒவ்வொரு வீடும் ஐந்தாறு கடைகளுக்கு வேலை.

2001 ஏப்ரலில் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியபின் வெளிநாட்டுச் சாமான் தன் மந்திரத்தை இழந்தது. கோடாலித் தைலம் யாரும் எங்கும் வாங்கக்கூடிய பொருளாயிற்று. ஆனாலும் ஊரிலிருந்து போகிறவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. 2015இல் நடந்த தமிழ்நாட்டு இடம்பெயர்வு ஆய்வு, 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. முதலிடம் சிங்கப்பூருக்கு; அடுத்து அமீரகம். முத்துப்பேட்டைக்கு இந்த வரிசையில் வியப்படைய ஒன்றுமில்லை.

இங்கே சற்று விலகி அமெரிக்காவுக்குப் போய்வருவோம். 1960 ஜனவரி 1 அன்று அரிசோனாப் பாலைவனத்தில் சன் சிட்டி என்ற ஓய்வுபெற்றோர் நகரம் திறக்கப்பட்டது. திறப்பு நாளில் அங்கே காட்டுவதற்கு ஐந்து மாதிரி வீடுகள் இருந்தன. ஆனால் கடைவளாகம் கட்டி முடிக்கப்பட்டுத் தயாராக இருந்தது. அந்த வார இறுதியில் பார்க்க வந்தவர்கள் ஒரு லட்சம் பேர். முதியவர் வருவதற்கு முன்பே அவர் வாங்கப்போகும் ரொட்டியும் மாத்திரையும் வந்துவிடவேண்டும் என்பது அந்த வணிகரின் கணக்கு. புளோரிடாவின் 'தி வில்லேஜஸ்' அதே கணக்கைப் பெரிதாக்கிப் போட்டது. 2010க்கும் 2020க்கும் இடையில் அப்பகுதியின் மக்கள்தொகை 39 விழுக்காடு வளர்ந்து, அமெரிக்கப் பெருநகர்ப் பகுதிகளிலேயே மிக விரைவாக வளர்ந்தது எனப் பெயரெடுத்தது. அங்கே முதியவர்கள் கோல்ஃப் வண்டியை ஓட்டிக்கொண்டே கடைக்குப் போகிறார்கள். அதற்கெனத் தனிப்பாதை உண்டு.

முத்துப்பேட்டையில் வரிசை தலைகீழ். முதியவர் முதலில் வந்தார். கடை பிறகு வந்தது. வந்த கடையும் அவரைப் பார்த்து வரவில்லை. அவருக்குப் பணம் அனுப்பும் மகனைப் பார்த்து வந்தது. மகன் விடுமுறையில் வரும் ஒரு மாதத்தில் நகையும் துணியும் டைல்ஸும் விற்கும். மற்றப் பதினொரு மாதங்கள் அவ்வீட்டில் இருப்பது தாயும் தந்தையும், பெரும்பாலும் மருமகளும். அவர்கள் வாங்குவது அரிசி, மீன், வெற்றிலை, சர்க்கரை நோய்க்கு மாத்திரை. பெண்கள் கடைத்தெருவுக்கு அதிகம் போகாத வழக்கமுள்ள தெருக்களில் மீன்காரியும் வளையல்காரரும் கூடைப் பழக்காரரும் வாசலுக்கே வந்தார்கள். நம் கருத்தில், ஓய்வுபெற்றோருக்கான உண்மையான சில்லறை வணிகம் என்று இவ்வூரில் ஒன்று இருந்திருக்குமானால் அது இந்தத் தலைச்சுமை வணிகம்தான். எந்தப் புள்ளிவிவரத்திலும் வளர்ச்சியாகப் பதிவாகாத வணிகம் அது. கண்ணாடிக் கதவுள்ள கடைகள் பெருகிய வேகத்தை மட்டும் அளந்து ஊர் செழித்தது என்று எழுதுவது எளிது. எண்பது வயது மூதாட்டி தன் கையால் தேர்ந்து வாங்கும் பொருள்கள் பெருகினவா என்று கேட்டால் விடை வேறாகத்தான் இருக்கும்.

சரி, மகன் அனுப்பும் பணம் நின்றபின் என்ன? திரும்பியவருக்கு ஓய்வூதியம் இல்லை என்றோமல்லவா? அந்த இடத்தை நிரப்பியது தென்னை. பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டை வரையிலான மணற்பாங்கான நிலத்தில், கப்பற்காசும் வளைகுடாக் காசும் கணிசமான அளவில் தென்னந்தோப்பாக மாறியது. நெல்லுக்கு ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோதான் பணம். தென்னையில் 45 நாளுக்கோ 60 நாளுக்கோ ஒரு வெட்டு. வயலில் இறங்கி நிற்க முடியாத வயதிலும் தோப்பை வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர்களும் இதை அறிவார்கள். தோப்பு உள்ள முதியவருக்குத் தயங்காமல் கடன் எழுதுவார்கள். தை மாத நாடிக்கும் விடுமுறைக் கால நாடிக்கும் நடுவே, 45 நாளுக்கொருமுறை மெல்லத் துடிக்கும் மூன்றாவது நாடியாகத் தென்னை அமைந்தது. முதியவர் பெயரில், முதியவர் கையில் வந்த ஒரே வருமானம் அதுதான் என்பதால், கடைத்தெருவில் அவருக்கு இருந்த மரியாதையும் அதில் அடங்கியிருந்தது.

வளைகுடா வருமானத்தின் நிலைமையோ இதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. 2011இல் சவூதி அரேபியா நிதாகத் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்து உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கியது. 2014இன் நடுவில் நூறு டாலரைத் தாண்டி நின்ற எண்ணெய் விலை, 2015 ஜனவரியில் ஐம்பதுக்குக் கீழே இறங்கியது. நடுவயதினர் பலர் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே ஊர் திரும்பினர். 55 வயதுக் கணக்கு, 45 வயதுக் கணக்காகச் சுருங்கியது. மறுபுறம், சிங்கப்பூரில் நிரந்தரவாசம் பெற்ற மகன்கள் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள்; வேறு சிலர் பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னையில் வீடு எடுத்தார்கள். அவ்வீடுகளின் முத்துப்பேட்டைச் செலவு இரண்டு முதியவர்களின் செலவாகக் குறைந்தது. தஞ்சையின் அக்கிரகாரங்களில் முன்பு நடந்ததும் இதுதான். ஓய்வூதியக்காரர்கள் கடைசியாக எஞ்சினார்கள், பிறகு பூட்டுகள் எஞ்சின.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்து மேற்கே நகர்ந்தது. 2004இல் ஆழிப்பேரலையின் வேகத்தைத் தாங்கி ஊரைக் காத்த அலையாத்திக் காடு, இம்முறை காற்றில் முறிந்து கிடந்தது. தோப்புகள் வேரோடு சாய்ந்தன. விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என அரசு நிவாரணம் அறிவித்தது. அடுத்த சில வாரங்களுக்குத் தார்ப்பாய், மெழுகுவத்தி, கூரைத் தகடு, மரம் அறுக்கும் இயந்திரம் என்று கடைத்தெருவில் விற்பனைக்குக் குறைவில்லை. அழிவிலும் வணிகம் வளரும் என்பதற்கு அது ஒரு சான்று. அந்த வளர்ச்சியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நமக்குத் தெரியவில்லை. 45 நாள் நாடி மட்டும் நின்றுபோயிற்று. 2019 ஜூனில் அகலப்பாதையாக மாற்றப்பட்ட ரயில் தடம் திருவாரூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே மீண்டும் திறக்கப்பட்டது. 2020 மே 7 முதல், பெருந்தொற்றில் வேலையிழந்தவர்களைச் சுமந்துகொண்டு வளைகுடாவிலிருந்து சிறப்பு விமானங்கள் வந்தன.

தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு, 2031இல் 18 விழுக்காட்டைத் தாண்டுவர் என்பது அரசின் கணிப்பு. நாடு மெல்ல அடையப்போகும் நிலையை முத்துப்பேட்டை முன்னதாகவே வாழ்ந்து பார்த்திருக்கிறது.

புயலுக்குப் பின் தென்னங்கன்று விற்றவர்களிடம் இரண்டு ரகங்கள் இருந்தன. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அறுபது எழுபது ஆண்டுகள் நிற்கும். குட்டை ரகம் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்த்துவிடும். ஆயுள் குறைவு, கொப்பரைக்கும் அவ்வளவு உகந்ததன்று. எழுபது வயதில் தோப்பை இழந்தவர், சிங்கப்பூரில் இருக்கும் மகன் திரும்பி வருவான் என்று நினைத்தால் நெட்டையை வாங்கவேண்டும். வரமாட்டான் என்று நினைத்தால் குட்டையை.